கவலையை விரித்து வைப்போம்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கவலையும் செபமும் என்ற பொருளில் பேசும்படி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். வன்னியில் இருந்துகொண்டு இதைப் பேசுபவர் யாராயினும் சற்று அவதானமாகவே பேச வேண்டும். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில், போரின்போது, மடுத் திருத்தலத்து அன்னை மரியாவின் திருச்சுருபமே பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்ட மண் இது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி 2017ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களிடம் "கவலைப்படாதீர்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்கு இயலாத காரியம்.

பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், எதைப் பற்றியும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் நன்றியோடு கூடிய மன்றாட்டில் கடவுளுக்குத் தெரிவிக்கும்படி புனித பவுல் சொல்கிறார். சிறையில் இருந்துகொண்டு அவர் அதை எழுதினார் என்பதையும் நாம் தவறாமல் சேர்த்துச் சொல்வோம். ஆனால் அதே திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. தமக்கு உதவி கொண்டுவந்த எப்பப்பிராதித்து நோயுற்றுச் சாகும் தறுவாய்க்குப் போனதையும், அவர் பிழைத்திராவிட்டால் தமக்குத் துயரத்தின்மேல் துயரம் வந்திருக்கும் என்பதையும், அவரை ஊருக்கு அனுப்பிவைத்தால் தம் மனத்துயர் குறையும் என்பதையும் பவுல் அங்கே ஒளிக்காமல் எழுதுகிறார். கவலைப்படுபவரைப் பார்த்து உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்வோர் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிப்பது நல்லது.

கடவுளுக்குத் தெரிவிப்பது என்றால் எப்படி? அரசர்கள் இரண்டாம் நூலின் 19ஆம் அதிகாரம் அதைக் கண்ணெதிரே காட்டுகிறது. யூதாவின் அரண்சூழ் நகர்களைப் பிடித்துவிட்ட அசீரிய மன்னன் சனகெரிபு, எருசலேமும் தப்பாது என்று மிரட்டி எசேக்கியா அரசனுக்குக் கடிதம் அனுப்புகிறான். கோவிலில் இருந்த வெள்ளியையும், கதவுகளில் பதித்திருந்த பொன்னையும் கூடப் பெயர்த்துக் கொடுத்துப் பார்த்தும் எசேக்கியாவுக்குப் பலன் கிட்டவில்லை. வாசித்த கடிதத்தை அவன் அப்படியே கோவிலுக்குக் கொண்டுபோய் ஆண்டவர் முன்னிலையில் விரித்து வைக்கிறான். அவனது செபமும் அவ்வாறே வெளிப்படையானது. அசீரியர் நாடுகளைப் பாழாக்கியது உண்மை, அந்நாட்டுத் தெய்வங்களை நெருப்பில் எறிந்ததும் உண்மை என்று எதிரியின் வலிமையைக் குறைக்காமல் ஒப்புக்கொண்ட பிறகே, எங்களை மீட்டருளும் என்று கேட்கிறான்.

நம் வீடுகளில் மாலைச் செபமாலை நடக்கிறது. ஆனால் கடிதம் விரிக்கப்படுவதில்லை. மாசியில் காலபோக அறுவடை வேளையில் மழை பிடித்துக்கொண்டால், தார் வீதியோரம் படங்கு விரித்து, ஈர நெல்லைக் காலால் கிளறிக் காயவிட்டுக்கொண்டு, மீண்டும் கறுத்துவரும் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் விவசாயியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பசளை வாங்குவதற்காக மனைவியின் சங்கிலி அடைவில் இருக்கும். அன்று மாலை அவர் முழந்தாளிட்டு, எங்கள் குடும்பத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்புவார்; பாயில் படுத்த பிறகு வட்டியைக் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். செபத்தில் வட்டிக்கு இடமில்லை, படுக்கையில் வட்டியைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அடைவுச் சீட்டுத் துண்டையே சுருபத்தின் முன் வைத்து, தொகையையும் தவணை நாளையும் வாய்விட்டுச் சொல்லிச் செபித்தால் என்ன? ஞாயிறு திருப்பலியின் மன்றாட்டுகளும் இப்படித்தான் இருக்கின்றன. உலகத் தலைவர்களுக்காக மன்றாடுகிறோம். முதல் நாள் இரவு ஊருக்குள் புகுந்து வாழைத் தோட்டத்தை அழித்த யானையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இவ்வாறு சொல்வதால் என்ன மாறும் என்று கேட்பவர்கள் சாமுவேல் முதல் நூலில் அன்னாவைப் பார்க்கட்டும். குரு ஏலி குடிகாரி என்று நினைக்கும் அளவுக்கு அவள் சீலோ ஆலயத்தில் பிள்ளை வரம் கேட்டு உதடுகள் மட்டும் அசைய அழுது மன்றாடினாள். பின்னர் எழுந்து போய் உண்டாள், அவள் முகத்தில் வாட்டம் நீங்கியது என்று நூல் கூறுகிறது. அப்போது அவள் கேட்ட பிள்ளையான சாமுவேல் கருவிலும் இல்லை. மறுபுறம், 88ஆம் திருப்பாடல் தொடக்கம் முதல் முறையிட்டு, ஆறுதல் எதுவும் கிட்டாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபம் என்றே வைத்திருக்கிறது. பிள்ளையைத் தேடும் தாய் அதற்குமேல் எதையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தப்பட வேண்டியதில்லை.

கடிதத்தை விரித்த எசேக்கியா மதிலையும் பழுதுபார்த்தான், முற்றுகையின்போது நகருக்குத் தண்ணீர் கிடைக்க வாய்க்காலும் வெட்டினான். அவனுடையது என்று கருதப்படும், ஏறத்தாழ 530 மீற்றர் நீளமான பாறைச் சுரங்கம் எருசலேமில் இன்றும் இருக்கிறது. ஆகவே கடன் கொடுத்தவரிடம் தவணை நீடித்துக் கேட்கப் போகிறவரும், பல நாள் உறக்கம் வராமல் ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகிறவரும், செபத்தைக் கைவிட்டுவிட்டதாக எண்ணத் தேவையில்லை. போகுமுன் அந்தத் துண்டை ஒருமுறை சுருபத்தின் முன் வைத்துவிட்டே போகலாம்.

நன்றி, வணக்கம்.