வாராந்திர ஊசியும் மூன்றாம் நாள் வயிறும்

வணக்கம். கேமராவைச் சமையலறை மேசையின் மீது வைத்திருக்கிறேன். பின்னால் குளிர்சாதனப் பெட்டி இரைவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைய பேச்சில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்காக வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றியும், அது என் வயிற்றைப் படுத்திய பாட்டைப் பற்றியும் பேசப்போகிறேன். நான் மருத்துவர் அல்ல. பதினான்கு மாதங்களாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் ஒரு நோயாளி. ஆகவே மருந்தைத் தொடங்குவதா நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தொடங்கிய பிறகு வரும் வாரங்களை எப்படிக் கடப்பது என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள்.

இதோ, இதுதான் பேனா. இதன் அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் மெல்லிய சத்தம் கேட்கும், இந்தச் சிறிய சாளரத்தில் அளவு தெரியும். நுனியில் மாட்டுகிற ஊசி 4 மில்லிமீட்டர் நீளந்தான். வயிற்றிலோ தொடையிலோ குத்தி, பொத்தானை அழுத்தி, ஆறு வரை நிதானமாக எண்ணிவிட்டு எடுத்துவிடலாம். கொசு கடித்த அளவுக்குக்கூட எனக்கு வலித்ததில்லை. முதல் ஊசிக்கு முன்பு குத்தும் வலியை நினைத்து இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன். மூன்றாவது நாள் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

நான் போட்டுக்கொள்வது செமாகுளூடைட். ஓசெம்பிக் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்திருக்கும். டுலாகுளூடைட், டிர்செபடைட் ஆகியவையும் ஏறக்குறைய இதே குடும்பம். சாப்பிட்டவுடன் நம் குடலே ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டும், இரைப்பையை மெதுவாகக் காலியாகும்படி செய்யும், மூளையிடம் ‘போதும்’ என்று சொல்லும். ஆனால் ஒரு நொதி அதை ஓரிரு நிமிடங்களில் சிதைத்துவிடுவதால், அதை அப்படியே மருந்தாகக் கொடுத்துப் பயனில்லை. கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்தாலும் அவ்வளவு எளிதில் சிதையாத ஒரு பொருளை ஜான் எங் என்ற மருத்துவர் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த எக்செனடைட் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை நாளுக்கு இரண்டு முறை போட வேண்டியிருந்தது. இப்போதைய செமாகுளூடைட் இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உலவுவதால், உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. வாரம் ஒரு ஊசி போதும் என்பதற்கும், இன்று போட்ட ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளைக்கே அதை உடலிலிருந்து இறக்கிவிட முடியாது என்பதற்கும் காரணம் இந்த ஒன்றுதான். மாத்திரை என்றால் அடுத்த வேளையை நிறுத்திப் பார்க்கலாம். இதில் அந்த வழி இல்லை.

என் கதைக்கு வருகிறேன். முதல் நான்கு வாரங்கள் 0.25 மில்லிகிராம். அந்த அளவு சர்க்கரையைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படுவதில்லை, உடலைப் பழக்குவதற்காகக் கொடுக்கப்படுவது என்பதுகூட எனக்குத் தெரியாது. பெரிதாக எதுவும் நடக்காததால், ‘நமக்கெல்லாம் பக்கவிளைவு வராது’ என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் அளவு 0.5 ஆனது. ஊசி போட்ட மூன்றாம் நாள் இரவு, எண்ணெயில் பொரித்த பண்டங்களைத் தட்டு நிறைய வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே தின்று முடித்து, உடனே படுத்துவிட்டேன். நள்ளிரவுக்கு மேல் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாந்தியில் அந்த இரவு உணவு மட்டும் இல்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் மதியம் சாப்பிட்ட பச்சைப் பட்டாணியும் முழுசு முழுசாக, எண்ணிவிடலாம் போல, கிடந்தது. சொல்வதற்கு அருவருப்பாக இருந்தாலும், அந்தப் பட்டாணிதான் எனக்குப் பாடம் நடத்தியது. என் வயிறு கெட்டுப்போகவில்லை; வேலையை மெதுவாகச் செய்தது. மதியம் உள்ளே போனது இன்னும் வெளியேறாத இடத்தில் நான் இரவுச் சாப்பாட்டையும் அடைத்திருக்கிறேன்.

மறுநாள் இந்த நோட்டை வாங்கினேன். ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன், சற்றுப் பொறுங்கள், வெளிச்சம் எதிரொளிக்கிறது. இடப்பக்கம் கிழமை, வலப்பக்கம் குமட்டலுக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பெண். ஞாயிறு இரவு ஊசி; திங்கள் பூஜ்யம்; செவ்வாய் மதியம் மூன்று; புதன் நான்கு; வியாழன் ஒன்று; அதன் பிறகு பூஜ்யம். நான்கு வாரம் எழுதியபோது நான்கிலும் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி வந்தன. இந்த மருந்து போட்ட ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் இரத்தத்தில் உச்சத்தை அடைகிறது என்று பிறகு படித்தபோது, நோட்டுக்கும் மருந்துக்கும் கணக்குச் சரியாக இருப்பது புரிந்தது. உங்கள் உச்சம் வேறு நாளில் வரலாம். எழுதிப் பார்த்தால்தான் தெரியும். என்னுடைய புதன்கிழமைகளில் நாள் முழுவதும் நின்றபடி பேச வேண்டிய வேலை இருந்தது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஊசியை வியாழன் மாலைக்கு மாற்றினேன். செமாகுளூடைடில் கிழமையை மாற்றலாம். இரண்டு ஊசிகளுக்கிடையே குறைந்தது 48 மணி நேரம் இருக்க வேண்டும், அவ்வளவே. இப்போது என் மோசமான நாட்கள் வீட்டில் இருக்கும் சனி, ஞாயிறுகளில் வருகின்றன. குமட்டல் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. அதோடு நான் படும் தொல்லைதான் பாதியாகக் குறைந்தது.

தொடையில் போட்டால் குமட்டல் வராது, வயிற்றில் போட்டால் வரும் என்று பலர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வயிறு, தொடை, மேற்கை ஆகிய மூன்றிலும் மருந்து ஏறக்குறைய ஒரே அளவில்தான் உடலில் சேர்கிறது. இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டியது தோல் தடித்துவிடாமல் இருப்பதற்காகத்தான்.

சாப்பாட்டில் நான் செய்த மாற்றங்களில் பெரியது, தட்டை மாற்றியதுதான். முன்பு சாப்பிட்ட தட்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டுச் சிறிய தட்டில் சாப்பிடத் தொடங்கினேன். முட்டை, பருப்பு, மீன் போன்ற புரதத்தை முதலில் சாப்பிடுகிறேன், ஏனென்றால் பாதியில் வயிறு நிறைந்துவிட்டால் மிச்சம் வைப்பது மாவுச்சத்தாக இருக்கட்டும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரைவதால் புரதத்தை விட்டுவிடக் கூடாது. இரண்டாம் முறை உணவைப் போட்டுக்கொள்வதற்கு முன் இருபது நிமிடம் காத்திருக்கிறேன். பெரும்பாலும் அந்த இரண்டாம் முறை தேவைப்படுவதில்லை. கொழுப்பு ஏற்கெனவே இரைப்பையை மெதுவாக்கும் பொருள். மருந்தும் அதையே செய்யும் நாட்களில் பொரித்ததைத் தின்பது ஒரே கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவது போன்றது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுகிறேன். சமைக்கும் வாசனையே குமட்டும் நாட்களில் ஆறிய உணவு எனக்குக் கைகொடுத்தது, சூட்டில்தான் வாசனை அதிகமாக எழும். குமட்டுகிறதே என்று ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தால் மட்டும் எனக்கு நிச்சயமாக மோசமாகும். வெறும் வயிற்றுக் குமட்டலுக்கு நான்கு உலர்ந்த பிஸ்கட் போதும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் ஏப்பத்தைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. எனக்கும் வந்தது. சோடா பானங்களை நிறுத்தி, மெதுவாகச் சாப்பிட்ட பிறகு பெரும்பாலும் போய்விட்டது. மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் தண்ணீரைக் கூட்டாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டிய வாரத்தில் நான் பட்டது சொல்லி மாளாது.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், இதில் நான் ஏமாந்திருக்கிறேன். ஊசி தொடங்கியபோது நான் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊசியால் மட்டும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால் இறங்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை குமட்டியது, வியர்த்தது, கை நடுங்கியது. ‘வழக்கமான செவ்வாய்தானே’ என்று படுத்துவிட்டேன். எதற்கும் பார்ப்போமே என்று குளுக்கோமீட்டரில் பார்த்தால் 58. குமட்டல் என்று நான் பொறுத்துக்கொண்டிருந்தது லோ சுகர். உடனே 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்று மாலையே மருத்துவர் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார். ஆகவே வியர்வையும் நடுக்கமும் கலந்த குமட்டலைக் கருவியில் பார்க்காமல் நம்பாதீர்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தால் அடுத்துப் பாதிக்கப்படுவது சிறுநீரகம். நீர் வற்றிப்போய்ச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இந்த மருந்துகளின் தகவல் தாளிலேயே இருக்கிறது. சிறுநீர் அடர்மஞ்சளாவது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது ஆகியவை எனக்கு முதல் அடையாளங்கள். அப்போது ஒரே மடக்காகக் குடித்தால் அப்படியே திரும்பி வரும். ஓஆர்எஸ் கரைசலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறாகக் குடிப்பேன். மெட்பார்மின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் கிளிப்ளோசின் வகை மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றை வாந்தி நாளில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எதை, எப்போது என்று நல்ல நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்துக்கொண்டே அதைக் கேட்க முடியாது. என்னுடைய தாள், அதோ, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

பொறுத்துக்கொள்ளவே கூடாதவை சில உண்டு. மேல்வயிற்றில் விடாமல் குடையும் கடுமையான வலி, முதுகுப் பக்கம் பரவினாலும் பரவாவிட்டாலும், கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலது விலாவுக்குக் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது ஆகியவை பித்தப்பையின் தொல்லையைக் காட்டும். கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும்: 2016இல் வெளிவந்த சஸ்டெயின்-6 ஆய்வில், செமாகுளூடைட் எடுத்தவர்களில் 3.0 விழுக்காட்டினருக்கும் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் விழித்திரைச் சிக்கல்கள் ஏற்பட்டன. ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு இருந்தவர்களுக்குச் சர்க்கரை வேகமாக இறங்கியது இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. நான் ஊசி தொடங்கும் முன் கண்ணைக் காட்டவில்லை; தொடங்கிய பிறகுதான் காட்டினேன், நல்லவேளையாக ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ நாள் குறித்தால் இந்த ஊசியைப் பற்றி மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் உணவு மிச்சமிருக்கலாம். என் பட்டாணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் இந்தத் தொல்லையை நான் மருத்துவரிடம் மறைத்தேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.9இலிருந்து 7.6க்கு இறங்கியிருந்தது, வாயைத் திறந்தால் மருந்தை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். கடைசியில் நோட்டைக் காட்டியபோது அவர் நிறுத்தவில்லை. ‘நான்கு வாரத்துக்கொருமுறை அளவை ஏற்ற வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? 0.5இலேயே இன்னும் எட்டு வாரம் இருங்கள், சர்க்கரை கட்டுப்பட்டால் அங்கேயே நின்றுவிடலாம்’ என்றார். ஒவ்வொரு அளவும் உடலில் நிலைபெறவே நான்கைந்து வாரம் ஆகும் என்பதால், அவசரப்பட்டு ஏற்றினால் உடல் பழகுவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த எட்டு வாரத்தின் முடிவில் என் புதன்கிழமை நான்கு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகிவிட்டது.

குமட்டலுக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போடுபவர்கள் காலக்கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள். செமாகுளூடைட் என்றால் தவறிய ஐந்து நாளுக்குள் போடலாம். டிர்செபடைட் என்றால் நான்கு நாளுக்குள். டுலாகுளூடைட் என்றால் அடுத்த ஊசிக்குக் குறைந்தது மூன்று நாள் மிச்சமிருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட்டு, வழக்கமான கிழமையில் போட வேண்டும்; இரட்டிப்பாகப் போடக் கூடாது. தொடர்ந்து பல வாரம் விட்டுவிட்டால் பழைய அளவில் நேராகத் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள், ஏனெனில் பழகியிருந்த உடல் அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும்.

இன்று புதன். நாளை மாலை ஊசி, நாளைக் காலையில் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். இம்முறை 1 மில்லிகிராமுக்கு ஏற்றலாமா என்று அவர் கேட்பார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதை வாசித்துவிட்டு கேமராவை அணைக்கிறேன்: ‘சராசரி 6.8. குமட்டல் ஒன்று. ஏற்றாமல் இங்கேயே நிற்கலாமா?’