குளக்கரைச் சிற்பம்: மாதிரிக்குக் காசு தர ஒத்துக்கொண்டார்கள்!

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு எனக்குச் சரியான சந்தோஷம். வவுனியா டவுனுக்குள் குளக்கரையில் வரப்போகிற பொழுதுபோக்கு வளாகத்தில் வைக்கும் சிற்பத்தைப் பற்றிப் போன வீடியோவில் கொதித்தேன் அல்லவா? "மாதிரியைச் செய்துகொண்டு வாருங்கள், பிடித்தால் பார்ப்போம்" என்று சிற்பிகளிடம் காசு பேசாமல் சொன்ன வளாகக்காரர்கள், இப்போது மாதிரி செய்யத் தெரிவாகும் மூன்று பேருக்கும் தலா 40,000 ரூபாய் தருவதாக எழுத்திலேயே தந்துவிட்டார்கள்!

இது பெரிய காசா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். களிமண், கம்பி, பிளாஸ்டர். நெடுங்கேணியில் இருந்து வந்துபோக பஸ் காசு. இரண்டு கிழமை வேறு வேலை பார்க்க முடியாது. அந்த நாட்களில் மேசன் வேலைக்குப் போனால் இதைவிடக் கூடவே கிடைக்கும். ஆனாலும் அந்த மூன்று பேரில் கடைசியில் தெரிவாகாத இரண்டு பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமாட்டார்கள், அதுதான் எனக்குப் பெரிது. கூலி பேசாமல் யாரையாவது சுவர் கட்டச் சொல்வோமா?

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். முதலில் அவர்கள் வாங்க நினைத்தது ஃபைபர் மான்கள். எனக்கு அந்த மான்களைக் கண்ணில் காட்டக்கூடாது. வேறொரு பூங்காவில் நிற்கிற மானின் முழங்காலை நகத்தால் தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் செதில் செதிலாகக் கையோடு வந்தது, உள்ளே வெள்ளை நார் தெரிந்தது. பிள்ளைகள் ஏறி விளையாடுகிற சாமான் அது. முதிரை மரமும் பாலை மரமும் வளர்கிற வன்னி மண்ணில் எங்கேயோ வார்த்த மான் எதற்கு?

சரி, அடுத்த சண்டை அத்திவாரம். சிற்பியை இப்போதே, குழி தோண்டும்போதே கூப்பிட வேண்டும். சிகாகோ மில்லேனியம் பார்க்கில் அனிஷ் கபூர் செய்த 'கிளவுட் கேட்' சிற்பம் கிட்டத்தட்ட 100 தொன். அதற்குக் கீழே உணவகம் இருப்பதால், பாரம் எங்கே இறங்கும் என்பதே அங்கே பெரிய பொறியியல் வேலை ஆனது. 60 இலட்சம் டொலர் என்று போட்ட மதிப்பீடு 230 இலட்சத்தில் போய் நின்றது. 2004இல் திறந்த பூங்காவில் அந்தச் சிற்பம் முழுதாக முடிந்தது 2006இல்தான். நம்முடையது சின்னதுதான். ஆனால் தரைக்கு ஓடு பதித்த பிறகு சிற்பியைக் கூப்பிட்டால், அந்த ஓட்டைத்தான் உடைக்க வேண்டி வரும்.

இன்னொன்று, பராமரிப்பு. அந்தச் சிகாகோச் சிற்பத்தின் கீழ்ப்பகுதியை ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் கையால் துடைக்கிறார்கள். இங்கே திறப்புவிழாப் படம் எடுத்து முடிந்ததும் துடைப்பது யார்? மாரி மழையும் சித்திரை வெயிலும் மாறி மாறி அடிக்கிற ஊர் இது. அதற்கான பணத்தை ஒப்பந்தத்திலேயே தனியாக ஒதுக்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். தெரிவுக்குழுவில் சிற்பம் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும், அதையும் கேட்பேன்.

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் சிலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். டவுனுக்குள் அடுத்து எது நிற்க வேண்டும் என்று கீழே எழுதுங்கள். கூட்டத்துக்கு அச்செடுத்துக் கொண்டு போகிறேன்.