முதலில் தேதியைப் பாருங்கள்

வணக்கம். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போனில் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: "அண்ணே, நெட் வருது, சைட் மட்டும் திறக்க மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு." நானும் ஒரே கேள்விதான் கேட்பேன். கீழே வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது? பேச்சை மாற்றுகிறேன் என்று சிலருக்குக் கோபம்கூட வரும்.

ஒரு ஆடிட்டர் ஆபீஸ். மாசம் இருபதாம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறார்கள். நான் போவதற்குள் மோடத்தை நாலு தடவை அணைத்துப் போட்டாகிவிட்டது. கேபிள்காரரைத் திட்டியாகிவிட்டது. பிரவுசரை அழித்து மறுபடி ஏற்றியாகிவிட்டது. ஒருத்தர், "பேசாம ஃபார்மட் அடிச்சிருங்க" என்கிறார். மூலையைப் பார்த்தேன். 2009, ஜனவரி 1.

மத்தியானம் கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், 2032 என்று போட்டிருக்கும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால், மெஷின் கண் விழிக்கும்போது பழைய வருஷத்தில்தான் விழிக்கும். ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பி எடுத்துப் புதுசு போட்டேன். முப்பது ரூபாய். தேதியைத் திருத்தியதும் சைட் திறந்தது. "இதுக்கா இவ்வளவு?" என்றார் ஆடிட்டர். ஃபார்மட் அடித்திருந்தால் ஆயிரம் ரூபாய் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்!

தேதிக்கும் சைட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு சைட்டும் பிரவுசரிடம் ஒரு சர்டிஃபிகேட் நீட்டும். பஸ் பாஸ் மாதிரி, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும். மெஷின் 2009-ல் நின்றால் அந்தப் பாஸ் இன்னும் அச்சாகவே இல்லை என்று ஆகிறது. அதனால் மறுபடியும் சொல்கிறேன், முதலில் தேதி.

தேதி சரி, இருந்தும் வரவில்லையா? பாஸில் கையெழுத்துப் போட்டவரை மெஷினுக்குத் தெரியாமல் இருக்கலாம். இலவசமாக சர்டிஃபிகேட் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் கையெழுத்துக்குப் பின்னால் இருந்த பழைய மூலச் சான்று ஒன்று 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. புதியதை அறியாத பழைய ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களில் ஏகப்பட்ட சைட்டுகள் நின்றுபோயின. ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக் கொடுத்தேன், வந்தது. அது கையெழுத்துப் பட்டியலைத் தானே கையோடு வைத்திருக்கும்.

அடுத்தது பிரவுசரும் சைட்டும் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் பாதுகாப்புப் பேச்சுமுறை, டிஎல்எஸ். அதன் 1.0 பதிப்பு 1999-ல் வந்தது. 2020-லிருந்து அதையும் 1.1-ஐயும் ஏற்கமாட்டோம் என்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் நான்கும் 2018 அக்டோபரில் ஒரே குரலாகச் சொல்லிவிட்டன. சர்வர்காரர்களும் பழையதை மூடத் தொடங்கினார்கள். விண்டோஸ் 7-ல் அடுத்த பதிப்பான 1.2 உள்ளே இருக்கிறது, ஆனால் சும்மா கிடக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி பிரவுசர்கள் தங்கள் சொந்த டிஎல்எஸ்ஸோடு போய்விடும். விண்டோஸை நம்பி நெட்டுக்குப் போகிற பில்லிங் சாஃப்ட்வேர்தான் மாட்டிக்கொள்ளும். கன்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, கடைசிவரை இறங்கி டிஎல்எஸ் 1.2-க்கு டிக் போடுங்கள். அதற்கும் மசியாத சாஃப்ட்வேருக்கு மைக்ரோசாஃப்ட் 2016-ல் விட்ட ஒரு அப்டேட் உண்டு. நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்: கேபி 3140245.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதாவது கையெழுத்து வைத்திருக்கும் பென்டிரைவ் மாதிரியான கருவி, பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று ஒரு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாக: சிவப்பு எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, போ' என்று அழுத்தாதீர்கள், பேங்க் சைட்டில் அழுத்தவே அழுத்தாதீர்கள். 127.0.0.1 என்ற முகவரிக்கு மட்டும் விலக்கு. அது உங்கள் மெஷினே, ஜிஎஸ்டி கையெழுத்து சாஃப்ட்வேர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, அதையும்... சரி, சரி. ரிப்பேருக்கு சிபியுவை மட்டும் கொண்டு வாருங்கள், மானிட்டர் வேண்டாம். வணக்கம்.