மாத்துக்கு இரண்டே வசனம்

வணக்கம் நேயர்களே.

நான் விலங்கியல் வாத்தியார். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. நாடகத்தைப் பற்றிப் பேச இந்த ஆளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதி உண்டு. நான் கல்லூரியில் படித்தபோது ஆங்கிலத் துறையில் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தைப் போட்டார்கள். ஆள் பற்றாக்குறை. விலங்கியல் வகுப்பிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு தேவதை வேடம் கொடுத்தார்கள். தேவதையின் பெயர் மாத். அதாவது, அந்துப்பூச்சி. "உன் பாடத்திலேயே வேடம் கிடைச்சிருக்கு" என்று கேலி வேறு.

மாத் தனியாகச் சொல்ல வேண்டிய வசனம் மொத்தம் இரண்டு. தேவதைகளின் ராணி டைட்டானியா கூப்பிட்டதும் 'நானும்' என்று சொல்ல வேண்டும். கழுதைத் தலையோடு நிற்கும் நெசவாளி பாட்டத்துக்கு 'வணக்கம்' சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் பாட்டம் மற்ற மூன்று தேவதைகளையும், சிலந்திவலை, பட்டாணிப்பூ, கடுகு என்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு நலம் விசாரிக்கிறான். மாத்திடம் மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒத்திகையின்போது எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல். மேடையில் கரும்பழுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றேன். நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "நீ எப்போடா மேடைக்கு வந்தே?"

பிற்பாடு வகுப்பில் 'இயற்கைத் தேர்வு', அதாவது சூழலுக்குப் பொருந்தியது பிழைத்துப் பெருகும் என்ற பாடத்தை, நடத்தும்போதெல்லாம் அம்மாவின் கேள்விதான் நினைவுக்கு வரும். கண்ணில் படாமல் நிற்பது நடிகனுக்கு அவமானம். அந்துப்பூச்சிக்கோ அதுதான் ஆயுசு.

முதலில் நாடகத்தைப் பார்த்துவிடுவோம். 1600இல் அச்சேறிய நாடகம் இது. ஏதென்ஸ் நகருக்கு வெளியே ஒரு காடு. ஹெர்மியாவும் லைசாண்டரும் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்திருக்கிறார்கள். ஹெர்மியாவைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் டெமிட்ரியஸ் அவர்களைத் தேடி வருகிறான். டெமிட்ரியஸே கதி என்று ஹெலெனா அவன் பின்னால் வருகிறாள். அதே காட்டில், அதே இரவில், தேவதைகளின் அரசன் ஓபரானுக்கும் டைட்டானியாவுக்கும் சண்டை. இந்தியாவிலிருந்து வந்த ஒரு சிறுவன் யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு!

ஓபரானிடம் ஒரு பூவின் சாறு இருக்கிறது. தூங்குகிறவர் இமையில் அதைப் பிழிந்தால், விழித்ததும் முதலில் யாரைப் பார்க்கிறாரோ அவர்மேல் காதல் பொங்கும். ஹெலெனாவை உதறித் தள்ளும் அந்த இளைஞனுக்கு இதைப் போடு என்று தன் ஏவலாள் பக்கிடம் சொல்லி அனுப்புகிறான். ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஏதென்ஸ் உடுப்பு போட்டிருப்பான்.' இதுதான் ஓபரான் கொடுத்த அடையாளம். அன்றைக்குக் காட்டில் ஏதென்ஸ் உடுப்போடு இரண்டு பேர் திரிகிறார்கள். பக் லைசாண்டரின் கண்ணில் பிழிந்துவிடுகிறான். அப்புறம் டெமிட்ரியஸ் கண்ணிலும் சாறு விழுகிறது. நேற்றுவரை யாரும் சீண்டாத ஹெலெனாவுக்காக இரண்டு பேரும் கத்தியை உருவுகிறார்கள். தன்னை வைத்து எல்லோரும் விளையாடுகிறார்கள் என்று அவள் அழுகிறாள்.

பக்கின் குறும்பு என்று உலகமே சொல்கிறது. என் கட்சி வேறு. வேறு எத்தனையோ சேட்டை செய்தவன்தான், ஆனால் இந்த ஒன்றில் அவனைக் குறை சொல்ல முடியாது. உடுப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்ன எஜமானனைத்தான் கேட்க வேண்டும்.

ஆள் பாதி ஆடை பாதி என்போம். ஆடையை மட்டுமே பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இங்கிலாந்தின் காடுகளில் நிஜமாகவே இருக்கிறார்கள். பறவைகளைச் சொல்கிறேன்.

பிஸ்டன் பெடுலேரியா என்று ஓர் அந்துப்பூச்சி. வெள்ளைச் சிறகில் மிளகுத்தூளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். இரவில் பறக்கும், பகலில் மரத்தில் சிறகை விரித்து ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வெளிறிய மரப்பாசி படர்ந்த கிளையில் கிடந்தால் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது. 1848இல் மான்செஸ்டரில் முழுக்கக் கறுத்த ஒன்று பிடிபட்டது. அது ஆலைகள் இரவு பகலாகக் கரி எரித்த காலம். புகையில் மரப்பாசி செத்தது, மரத்தின் மேல் கரி படிந்தது. 1895இல் அந்த ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பூச்சி கறுப்பு. ஐம்பது வருடத்துக்குள், வருடத்துக்கு ஒரே தலைமுறை காணும் ஒரு பூச்சி, ஊரோடு உடுப்பை மாற்றிக்கொண்டுவிட்டது. இத்தகைய மாற்றம் நம் கண்முன் தெரியாத அளவுக்கு மெல்ல நடக்கும் என்று டார்வின் எழுதியிருந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாட்டிலேயே அது ஓட்டமாக நடந்துகொண்டிருந்தது.

வெள்ளைப் பூச்சி கரிபட்ட மரத்தில் பளிச்சென்று தெரியும், பறவை கொத்திக்கொண்டு போய்விடும் என்று டட் என்ற பூச்சியியலாளர் 1896இல் சொன்னார். சோதித்துப் பார்த்தவர் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர். 1953இல் பர்மிங்ஹாம் பக்கம் புகையடித்த காட்டில் இரண்டு நிறப் பூச்சிகளுக்கும் அடையாளப் புள்ளி வைத்து மரங்களில் விட்டார். பறவைக்குத் தப்பித் திரும்பப் பிடிபட்டவை கறுப்பில் 27.5 சதவீதம், வெளிர் நிறத்தில் 13 சதவீதம். 1955இல் டார்செட்டில் புகை படாத காட்டில் அதையே செய்தார். அங்கே கதை தலைகீழ்: வெளிர் நிறம் 12.5, கறுப்பு 6.3.

இரவில் நடப்பது வேறு. பெண் பூச்சி ஒரு மணத்தைக் காற்றில் விடும். ஆண் தன் இறகு போன்ற உணர்கொம்புகளால் அதைப் பிடித்துக்கொண்டு தேடி வரும். இருட்டில் கறுப்பென்ன, வெளுப்பென்ன? இரண்டு நிறமும் தாராளமாகக் கூடுகின்றன. 'காதல் கண்ணால் பார்ப்பதில்லை, மனத்தால் பார்க்கிறது' என்று ஹெலெனா புலம்புவாள். இந்தப் பூச்சிகள் உணர்கொம்பால் பார்க்கின்றன. விடிந்ததும் பறவை வந்து கண்ணால் பார்க்கிறது. நாடகத்தில் இரவின் குழப்பமெல்லாம் விடியலில் தீர்ந்து கல்யாணமாகிறது. பூச்சிக்கு ஆபத்தே விடியலில்தான் ஆரம்பம்.

கெட்டில்வெல்லை அப்படியே நம்பிவிடவில்லை யாரும். பூச்சிகளைப் பகலில் அடிமரத்தில் வைத்தார், அவை இயல்பாகத் தங்குவது பெரும்பாலும் மேலே கிளைகளில் அல்லவா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாடப்புத்தகப் படங்களில் சில, செத்த பூச்சியை மரத்தில் வைத்து எடுத்தவை. 'எல்லாம் பித்தலாட்டம்' என்று எழுதுகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. என் மாணவர்களிலும் ஒருவன் எழுந்து கேட்டான், பதில் சொல்லத் திணறினேன். கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ் என்ற மரபியல் ஆய்வாளர் பேச்சோடு நிற்கவில்லை. தன் வீட்டுத் தோட்டத்தில் ஆறு வருடம், 4,864 பூச்சிகளை அவை இயல்பாகத் தங்கும் இடங்களில் விட்டு, பைனாகுலரோடு உட்கார்ந்துவிட்டார். ராபினும் மேக்பையும் வந்து கொத்தித் தின்பதை நேரில் பார்த்தார். புகை தெளிந்த அந்தத் தோட்டத்தில் கறுப்புதான் அதிகம் செத்தது. 2009இல் மஜெரஸ் இறந்துபோனார். அவருடைய கணக்கை மற்ற நால்வர் முடித்து 2012இல் வெளியிட்டார்கள்.

1956இல் இங்கிலாந்தில் தூய காற்றுச் சட்டம் வந்தது. மரங்கள் மெல்ல வெளுத்தன. கறுப்புப் பூச்சியும் குறைந்துகொண்டே வந்து இன்று அபூர்வமாகிவிட்டது. லைசாண்டரின் கண்ணில் விழுந்த சாற்றைப் பக் கடைசியில் நீக்கிவிடுகிறான் அல்லவா, அந்த மாதிரி. டெமிட்ரியஸின் கண்ணில் போட்டதை மட்டும் நாடகம் முடியும்வரை யாரும் எடுப்பதில்லை. அந்தச் சாறோடுதான் அவனுக்குக் கல்யாணமே!

சரி, முதல் கறுப்பு எங்கிருந்து வந்தது? 2016இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். மரபணுத் தொகுதியில் இடம்விட்டு இடம் தாவும் ஒரு துண்டு, ஏறக்குறைய 22,000 டி.என்.ஏ. எழுத்து நீளம், கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் போய் விழுந்திருக்கிறது. 1819 வாக்கில் நடந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. புகைக்காக அது தாவவில்லை. எங்கேயோ விழவேண்டியது அங்கே விழுந்தது.

இதைப் படித்ததும் அலமாரியிலிருந்து நாடகத்தை எடுத்துப் புரட்டினேன். அந்தப் பூவின் கதையை ஓபரான் பக்கிடம் சொல்லும் இடம். காதல் தேவன் ஒரு கன்னியைக் குறிவைத்து அம்பு விடுகிறான். குறி தவறி, பால்போல வெளுத்திருந்த ஒரு சின்னப் பூவின் மேல் அம்பு விழுகிறது. அன்றிலிருந்து பூ ஊதா. அம்பு எங்கே விழுந்தது என்று நான் அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன் என்கிறான் ஓபரான். பூச்சியின் மேல் விழுந்த அம்பைக் கண்டுபிடிக்க லிவர்பூல்காரர்கள் வரவேண்டியிருந்தது, ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து.

நன்றி, வணக்கம்.