ஹெலிகாப்டர் வால் ஷாஃப்ட்டை பேலன்ஸ் பண்றது எப்படி?

ஹெலிகாப்டர் வால்ல சின்னதா ஒரு ரோட்டர் சுத்துதுல்ல, அதுக்குன்னு தனி இன்ஜின்லாம் கிடையாது. முன்னாடி இருக்கிற இன்ஜின் பக்கத்துல இருந்து வால் நெடுக ஒரு ஷாஃப்ட், அதாவது சுத்துற நீளமான தண்டு ஓடி, கடைசியில கியர்பாக்ஸ் வழியா அதை சுத்த வைக்குது. பெல் 206ங்கிற ஹெலிகாப்டரை எடுத்துக்கோங்க, தலைக்கு மேல சுத்துற பெரிய ரோட்டர் நிமிஷத்துக்கு 400 சுத்து கூட வராது, இந்த ஷாஃப்ட் சுமார் 6,000 சுத்துது!

[திரையில: ஷாஃப்ட் குறுக்குவெட்டு, ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி]

மையத்துல இருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி வெறும் 5 கிராம் கூடுதலா இருக்குன்னு வைங்க. 6,000 ஆர்பிஎம்ல அது கிட்டத்தட்ட 5 கிலோ பாரத்துக்கு சமமா வெளிய இழுக்கும், செகண்டுக்கு 100 தடவை சுத்தி சுத்தி. பேரிங் பாவம்.

குட்டை ஷாஃப்ட்னா வேலை ஈஸி. பேலன்சிங் மெஷின்ல சுத்தவிட்டு, எந்த கோணத்துல கனம்னு பார்த்து, ரெண்டு முனையிலயும் வெயிட்டை சரி பண்ணிடலாம். அதனாலதான் பெல் 206ல ஷாஃப்ட்டை துண்டு துண்டா பிரிச்சு நடுநடுவுல ஷாஃப்ட்டைத் தாங்குற ஹேங்கர் பேரிங் போட்டிருக்காங்க. ஆனா ஒவ்வொரு பேரிங்கும் எடை, செக் பண்ண வேண்டிய இன்னொரு இடம். சரி, ஒரே நீள ஷாஃப்ட்டா போட்டா என்ன?

[திரையில: ஷாஃப்ட் வில்லு மாதிரி வளையுது]

அங்கதான் கிரிட்டிக்கல் ஸ்பீடு வந்து நிக்குது. அந்த வேகத்தை நெருங்கும்போது ஷாஃப்ட் நடுவுல வளைஞ்சு சுழலும், அதைத் தாண்டி ஓட்டவே முடியாதுன்னு 1869ல ஸ்காட்லாந்து இன்ஜினியர் ராங்கின் எழுதினாரு. இருபது வருஷத்துல ஸ்வீடன் இன்ஜினியர் லாவால் தன்னோட நீராவி டர்பைன்ல ஒல்லியான, வளையுற ஷாஃப்ட்டை வச்சு தாண்டிக் காட்டிட்டாரு. தாண்டினதும் கனமான பக்கம் உள்பக்கமா போயிடும், ஷாஃப்ட் தன் எடைமையத்தை சுத்தி அமைதியா ஓடும், எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான்.

ஆனா ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் அந்த வேகத்தைக் கடந்துதானே ஆகணும்? மெஷின்ல மெதுவா சுத்தும்போது ஷாஃப்ட் நேரா இருக்கு, அப்ப முனைகள்ல போட்ட வெயிட் நடுவுல வளையுறதுக்கு உதவாது. அதனால கிரிட்டிக்கல் ஸ்பீடுக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் ஓட்டி, அதிர்வு எவ்வளவு, எந்த கோணத்துலன்னு அளந்துக்கிட்டு, நடுவுல ஒரு சோதனை வெயிட்டை ஒட்டி மறுபடி ஓட்டுவாங்க. ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்துல இருந்து சரியான வெயிட்டும் இடமும் கணக்குல வந்துடும். வேகம் இன்னும் ஏறி ஷாஃப்ட் எஸ் மாதிரி வளையுற ரெண்டாவது கிரிட்டிக்கலையும் தாண்டணும்னா, கால் நீளத்துலயும் முக்கால் நீளத்துலயும் எதிரெதிர் பக்கமா வெயிட் வேணும். கூடவே அதிர்வை அடக்குற டேம்பரும் வைப்பாங்க, பேலன்ஸ் மட்டும் பத்தாது.

கனமான பக்கத்தை ட்ரில் பண்ணி எடுத்துடலாமேன்னு கேப்பீங்க. மெல்லிசான டியூப்ங்க அது, ஓட்டை போட்ட இடத்துலயே விரிசல் ஆரம்பிச்சிடும்.