ஒதுக்குவது ஊரல்ல, வீடு

நடுவர் ஐயாவுக்கும் மண்டபம் நிறைய வந்திருக்கும் கிளிநொச்சி மக்களுக்கும் வணக்கம். இலக்கியத்தில் மனிதரைத் தனிமையில் தள்ளுவது ஊரா, வீடா என்பது இன்றைய கேள்வி. வீடுதான் என்று சொல்ல எங்கள் அணி வந்திருக்கிறது.

எதிரணித் தலைவி வற்றாப்பளையில் கோயில் கொண்ட எங்கள் கண்ணகி அம்மனையே சாட்சிக்குக் கூப்பிட்டார். கண்ணகியைத் தனியாக்கியது மதுரை என்றார். அக்கா, மதுரையில் அவளுக்குக் கோபம் இருந்தது, கையில் சிலம்பு இருந்தது, நியாயம் கேட்க ஒரு அரசன் இருந்தான். அவள் வாழ்ந்த புகார் நகரில் என்ன இருந்தது? கோவலன் மாதவியோடு இருந்த காலத்தில், பார்க்க வந்த மாமன் மாமிக்கு முன்னால் தன் நோவை மறைத்துப் பொய்யாகச் சிரித்ததைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் அவளே சொல்கிறாள். சொந்த வீட்டுக்குள்ளேதான் அந்தச் சிரிப்பு.

அப்புறம் காஃப்காவின் ‘உருமாற்றம்’. 1915இல் வந்த கதை. ஊர் ஊராகப் போய்த் துணி வியாபாரம் பார்த்து அப்பாவின் கடனைக் கட்டிவந்த கிரெகோர் சம்சா, ஒரு காலை பூச்சியாக எழும்புகிறான். வேலையிடத்து அதிகாரி வந்து பார்த்துவிட்டு ஓடியதோடு சரி, மிச்சமெல்லாம் அநேகமாக வீட்டுக்குள்தான் நடக்கிறது. அப்பா எறிந்த அப்பிள் அவன் முதுகில் புதைந்து அங்கேயே கிடக்கிறது. என்னை உலுக்கியது அப்பிள்கூட இல்லை, தங்கைதான். அவளை வயலின் படிக்க இசைப்பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று மனதுக்குள் திட்டம் வைத்திருந்தவன் அவன். தொடக்கத்தில் பால், பாண், காய்கறி என்று அண்ணனுக்கு எது பிடிக்குமோ எனப் பார்த்துப் பார்த்து வைத்தவள் அவள். பிறகு வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் கிடைத்ததைக் காலால் அறைக்குள் தள்ளுகிறாள். மாலையில், தின்றானா இல்லையா என்றும் பாராமல், விளக்குமாற்றால் கூட்டி எடுக்கிறாள். இதைத் தொலைத்துவிட வேண்டும் என்று கடைசியில் வாய் திறந்து சொல்வதும் அவள்தான். அடுத்த விடியலோடு அவன் உயிர் போய்விடுகிறது.

வீடு ஒதுக்குவதே ஊருக்குப் பயந்துதான் என்று எதிரணி வாதாடியது. சரி, ஜெயகாந்தனிடம் போவோம். 1966இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழைநாளில் காரில் ஏற்றிச் சென்ற ஒருவனால் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். பின்னர் அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அந்த வரவேற்பை மாற்றிவைத்தார். தாய் கூக்குரல் போடுகிறாள், அண்ணன் தங்கையைத் துரத்துகிறான். ஊர் அதே ஊர்! வீடு மாறியதால் ஒரு வாழ்க்கையே மாறுகிறது. படித்து, நல்ல உத்தியோகத்துக்குப் போன பிறகும் அந்த மகள் கங்கா தனி ஆள்தான்.

இதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இயக்கத்தில் இருந்து, போருக்குப் பின் புனர்வாழ்வு முகாம் முடிந்து வந்த பிள்ளையைப் பற்றி ஒழுங்கை முழுக்க என்ன கதைத்தாலும், அம்மா ‘வா, சாப்பிடு’ என்றால் அந்தப் பிள்ளை தப்பிவிடும். அம்மாவும் முகத்தைத் திருப்பினால் அது எங்கே போகும்?

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. குலம் கேட்டுக் கர்ணனை ஊர் இகழ்ந்தது உண்மை. அந்த ஊருக்கு முன்னாலேயே துரியோதனன் அவனுக்கு அங்க நாட்டைக் கொடுத்து முடியும் சூட்டிவிட்டான். அப்படியிருந்தும், வில்லிபாரதத்தில் குந்தி தேடி வரும்போது, நான் களத்தில் விழுந்தால் என்னை மடியில் எடுத்துப் பாலூட்டி, எல்லோரும் அறிய மகனே என்று சொல் என்று கேட்கிறானே, ஏன்? ஊர் தந்த முடியால் ஆறாத நோவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? அடுத்துப் பேச வருகிறவர் பதில் சொல்லட்டும்.