ஒட்டுப் போட்ட மென்பொருள்

நேயர்களுக்கு வணக்கம். டெபியன் லினக்ஸில் ஒரு மென்பொருளைத் தொகுப்பாகச் சேர்க்கும்போது அதன் மூலநிரலில் சில வரிகளை மாற்ற நேரும். கோப்பின் பாதை மாறலாம், அந்த மென்பொருளை எழுதும் மூலத் திட்டத்தார் இன்னும் வெளியிடாத பிழைத்திருத்தம் தேவைப்படலாம். இந்த மாற்றத்துக்குப் பெயர் பேட்ச், அதாவது ஒட்டு.

2006 செப்டம்பரில் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் தொகுப்பில் அப்படி ஒரு மாற்றம் நுழைந்தது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி காட்டிய எச்சரிக்கை வராமலிருக்கச் செய்த மாற்றம் அது. ஆனால் அப்போது எடுக்கப்பட்ட ஒரு வரிதான், ரகசியச் சாவிகளை உண்டாக்கப் பயன்படும் ரேண்டம் (ஊகிக்க முடியாத) எண்களுக்குத் தீனி போட்டுவந்தது. அது போனதும் மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் பிராசஸ் எண் மட்டும். ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில், உருவாகக்கூடிய சாவிகள் சுமார் 32 ஆயிரமாகச் சுருங்கின. 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியானது. அந்தத் தொகுப்பால் அதுவரை உண்டாக்கிய சாவிகளை எல்லாரும் தூக்கிப்போட வேண்டியிருந்தது.

அன்றைய மூலப்பொதி வடிவத்தில் மாற்றங்கள் அனைத்தும் ஒரே டிஃப் கோப்பில், அதாவது மாறிய வரிகளின் பட்டியலில், கலந்து கிடக்கும். எது எதற்கென்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. இன்றைய 3.0 குவில்ட் வடிவத்தில் ஒவ்வொரு ஒட்டும் தனிக் கோப்பு. அவற்றை எந்த வரிசையில் ஒட்டுவது என்பது சீரீஸ் என்ற கோப்பில் இருக்கும். ஒட்டின் தலைப்பில் அது எதற்கு, எங்கிருந்து வந்தது, மூலத் திட்டத்துக்கு அனுப்பியாயிற்றா என்று எழுதுங்கள். அனுப்பியாயிற்றா என்ற வரியைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். அங்கிருப்பவர்களுக்குத்தான் அந்த நிரலின் உட்புறம் தெரியும்.

ஒட்டுகளைக் கையாளும் கருவிக்கும் குவில்ட் என்றே பெயர். அதில் கோப்பைத் திருத்தும் முன்பே ‘குவில்ட் ஆட்’ கொடுக்க வேண்டும். மறந்தால், திருத்திய கோப்பையே அது அசல் என்று எடுத்துக்கொள்ளும். ஒட்டு வெறுமையாக வரும். ‘குவில்ட் எடிட்’ கோப்பைச் சேர்த்துவிட்டே திருத்தத் திறப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மூல மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும், ஒட்டு சேர வேண்டிய இடத்தின் அக்கம்பக்கத்து வரிகள் மாறியிருக்கலாம். குவில்ட் இரண்டு வரி வரை பொருந்தாவிட்டாலும் ஒட்டிவிடும். இதற்கு ஃபஸ் என்று பெயர். மூலப்பொதியைக் கட்டும் டிபிகேஜி-சோர்ஸ் கருவி அதை ஏற்காது, கட்டுமானம் நின்றுவிடும். உடனே, ஒட்டை இப்போதைய நிலைக்கேற்பப் புதிதாக எழுதும் ‘ரிஃப்ரெஷ்’ கொடுக்கத்தான் கை போகும். பொறுங்கள். ஒரே மாதிரி வரிகள் பல இடங்களில் இருந்தால் ஒட்டு வேறு செயற்கூற்றில் போய் உட்கார்ந்திருக்கக்கூடும். ரிஃப்ரெஷ் அந்தத் தவற்றையே நிரந்தரமாக்கிவிடும். முதலில் டிஃப்பை வாசித்துப் பாருங்கள்.

நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டில் வேலை செய்பவர்களுக்கு, ஒட்டுகளைக் கையாள ‘ஜிபிபி பிக்யூ’ கருவி இருக்கிறது. புதிய பதிப்பை இறக்குவதற்கு முன்பே ‘இம்போர்ட்’ கொடுத்து ஒட்டுகளைக் கமிட்டுகளாக, அதாவது கிட்டின் தனித்தனி மாற்றப் பதிவுகளாக, ஆக்கிக்கொள்ளுங்கள். புதிய பதிப்பை இறக்கிய பிறகு, கமிட்டுகளை அதன்மேல் நகர்த்தும் ரீபேஸ், பிறகு அவற்றை மீண்டும் ஒட்டுக் கோப்புகளாக்கும் எக்ஸ்போர்ட். இடையில் ஒட்டுக் கோப்பைக் கையால் திருத்தினால் எக்ஸ்போர்ட் அதை அழித்துவிடும். மூலத்திலேயே அப்படியே சேர்ந்துவிட்ட ஒட்டு, ரீபேஸில் தானாகக் கழன்றுவிடும்.